உலர்த்தியின் பஞ்சு வடிகட்டியை யார் தூய்மை செய்வது?

வீட்டு மின்சாரச் சேமிப்பைப் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் கடை வாசலோடு முடிந்துவிடுகிறது. எத்தனை நட்சத்திரம், எந்த நிறுவனம், எவ்வளவு தள்ளுபடி என்பவை விரிவாக அலசப்படுகின்றன. வாங்கிய கருவி வீட்டுக்குள் வந்த பிறகு அதன் ஆயுட்காலம் முழுவதும் எப்படிப் பேணப்படுகிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. துணி உலர்த்தியைப் பொறுத்தவரை இந்தப் பாராமுகத்தின் விலை அதிகம். ஒரே மாதிரியான இரண்டு உலர்த்திகள் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் வெவ்வேறு அளவு மின்சாரத்தை உண்பதற்குக் காரணம், பெரும்பாலும் கருவியில் இல்லை. அதைப் பேணும் முறையில் இருக்கிறது. பேணும் பொறுப்பு யாருடையது என்று யாரும் வரையறுக்காத இடத்தில் எந்த நட்சத்திரக் குறியீடும் முழுப்பயன் தராது என்பதே இப்பதிவு முன்வைக்கும் வாதம்.

இவ்வாதத்தை ஆராய்வதற்குப் பெங்களூரின் அடுகோடி பொருத்தமான இடம். ஓசூர் சாலையை ஒட்டிய இப்பகுதியைத் தலைமுறைகளாக 'மைக்கோ' ஆலையின் பெயரோடு சேர்த்தே பலரும் அறிந்திருக்கிறார்கள். 1951இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 2008இல் பாஷ் என்று பெயர் மாறியது. உற்பத்தி பிடதிக்கு நகர்ந்தது. அடுகோடி வளாகம் 2022இல் தொழில்நுட்ப வளாகமாகப் புதுப்பொலிவு பெற்றது. ஆலையில் வேலை செய்தோரின் வீடுகள் இருந்த தெருக்களில் இன்று தகவல் தொழில்நுட்ப ஊழியர்களுக்கான பிஜி விடுதிகளும் ஓரறை, ஈரறை வாடகை வீடுகளும் நெருக்கமாக எழுந்துள்ளன. அருகிலுள்ள கோரமங்களாவின் அடுக்ககங்களில் துணி உலர்த்தி இன்று அபூர்வப் பொருளாக இல்லை. துவைப்பதும் உலர்த்துவதும் ஒரே உருளையில் நடக்கும் கருவிகள் சிறிய வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டன.

இயந்திரத் தொழிலோடு வளர்ந்த ஊரில் ஒரு முரண் கண்ணில் படும். எந்தத் தொழிற்கூடத்திலும் இயந்திரத்தின் அருகே ஒரு பராமரிப்பு அட்டை தொங்கும். எந்த நாளில் எண்ணெய் இடப்பட்டது, எந்த வாரத்தில் வடிகட்டி மாற்றப்பட்டது, யார் கையொப்பமிட்டார் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். பழுதாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே பேணுவது தொழிற்சாலையின் அரிச்சுவடி. அதே தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளில், இரண்டாயிரம் வாட் வரை இழுக்கும் ஒரு கருவிக்கு அத்தகைய அட்டை எதுவும் கிடையாது. கையேடு அட்டைப்பெட்டியோடு பரணில் கிடக்கும், அல்லது பழைய தாள்காரரிடம் போயிருக்கும்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ் வீடுகளில் 'ட்ரையர்' என்ற சொல் நெடுங்காலமாகக் குறித்தது இரட்டைத்தொட்டித் துவைப்பியின் இரண்டாவது தொட்டியை. அது வெப்பத்தைப் பயன்படுத்துவதில்லை. துணியை வேகமாகச் சுழற்றி நீரை வெளியே எறிகிறது. இன்று அதே பெயரில் விற்கப்படும் உலர்த்தி, காற்றைச் சூடாக்கித் துணியிலுள்ள நீரை ஆவியாக்குகிறது. ஒரே பெயர் கொண்ட இவ்விரு செயல்களுக்கும் இடையே ஆற்றல் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. மின்சாரச் சேமிப்பின் பாதிக் கதை இவ்வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது.

ஒரு லிட்டர் நீரை ஆவியாக்குவதற்கு இயற்கை கேட்கும் விலை ஏறத்தாழ 0.7 யூனிட். வெப்பத்தைக் கொண்டு நேரடியாக உலர்த்தும் எந்தக் கருவியும் இதற்குக் கீழே போக முடியாது. உருளை, காற்று, கருவியின் உடல் ஆகியவற்றைச் சூடாக்குவதில் போகும் இழப்பைச் சேர்த்தால் செலவு ஒரு யூனிட்டை நெருங்கும். அதே ஒரு லிட்டரைச் சுழற்சியால் பிழிந்தெடுக்கக் கூடுதலாகத் தேவைப்படும் மின்சாரம், ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை.

எண்களில் வைத்துப் பார்க்கலாம். ஆறு கிலோ பருத்தித் துணியை நிமிடத்துக்கு 800 சுற்றில் பிழிந்தால், துணியின் எடையில் சுமார் 70 சதவீதம், அதாவது 4.2 லிட்டர் நீர் தங்கும். 1,400 சுற்றில் பிழிந்தால் சுமார் 50 சதவீதம், அதாவது மூன்று லிட்டர்தான் தங்கும். இடையிலுள்ள 1.2 லிட்டரை உலர்த்தியின் வெப்பம் ஆவியாக்க வேண்டுமானால் ஒரு யூனிட்டுக்கு மேல் செலவாகும். நான்கு யூனிட் எடுத்த ஒரு சுமை மூன்று யூனிட்டில் முடிவதற்குத் துவைப்பியின் ஒரு பொத்தானே போதும். பட்டுக்கும் மென்துணிக்கும் இவ்வேகம் ஒவ்வாது. துவாலை, போர்வை, பருத்திச் சட்டை ஆகியவற்றுக்கு ஒவ்வும். ஆகவே உலர்த்தியின் பராமரிப்பு துவைப்பியிலேயே தொடங்குகிறது. துவைப்பியின் நீர்வடி வடிகட்டி அடைத்துக்கொண்டாலோ, கால்கள் சமமின்றி ஆடினாலோ, கருவி தானாகவே சுழற்சி வேகத்தைக் குறைத்துவிடும். அந்தக் குறையின் கணக்கை உலர்த்தி தீர்க்க வேண்டியிருக்கும்.

கதையின் மறுபாதி காற்றோட்டத்தில் இருக்கிறது. சூடான காற்று ஈரத்துணியின் ஊடாகச் சென்று நீராவியைச் சுமந்துகொண்டு வெளியேற வேண்டும். வழியில் துணியிலிருந்து உதிரும் நுண்ணிழைகளைத் தடுக்க ஒரு வலை உண்டு. அதுவே பஞ்சு வடிகட்டி. ஒவ்வொரு சுமைக்குப் பிறகும் அதன்மேல் ஒரு மெல்லிய பஞ்சுப்படலம் படிகிறது. அதை எடுக்காமல் விட்டால் அடுத்த சுமையின் காற்றோட்டம் குறையும். காற்று குறைந்தால் நீராவி வெளியேறும் வேகம் குறையும். வெப்பமூட்டியின் அருகே வெப்பநிலை உயரும். வெப்பக் கட்டுப்பாட்டி மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்து இணைக்கும். உருளை மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். ஈர உணரி கொண்ட கருவி நேரத்தை நீட்டிக்கொண்டே போகும். நேரம் வைத்து இயங்கும் கருவியோ ஈரத்துணியோடு நின்றுவிடும். வீட்டார் மீண்டும் ஒருமுறை ஓடவிடுவார்கள். வெப்பம் எல்லை மீறினால் காப்பு ஃபியூஸ் எரியும். பழுதுபார்ப்பவர் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போய், சில மாதங்களில் அதே ஃபியூஸ் மறுபடியும் எரிந்தால், நோய் வேறிடத்தில் இருக்கிறது என்று பொருள்.

இது மின்கட்டணத்தோடு முடிவதில்லை. உலர்த்தி பரவலாக உள்ள அமெரிக்காவில், 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளுக்கு அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் தந்த மதிப்பீட்டின்படி, வீட்டு உலர்த்திகளால் ஆண்டுதோறும் சுமார் 2,900 தீ விபத்துகள் நேர்ந்தன. அவற்றில் 34 சதவீதத்துக்குக் காரணம், கருவியைத் தூய்மை செய்யாதது. காய்ந்த பஞ்சு எளிதில் தீப்பற்றும் என்பதை விளக்குத்திரி திரித்த எந்தப் பாட்டியும் அறிவார். அங்குள்ள கருவிகள் பெரும்பாலும் ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியேற்றுபவை. நீண்ட குழாய்களில் பஞ்சு சேர்வது அங்கே பெரும் சிக்கல். நெருக்கமான குடியிருப்புகளில் அந்த ஆபத்தை இறக்குமதி செய்துகொள்ளாமல் இருப்பது நம் ஊர்களின் கவலையாக இருக்க வேண்டும்.

உலர்த்தியின் வகைக்கு ஏற்பப் பேணும் முறையும் மாறும். காற்றை வெளியேற்றும் வகைக்குக் குழாய் குட்டையாகவும் நேராகவும் உலோகத்தால் ஆனதாகவும் இருக்க வேண்டும். வளைந்து நெளியும் பிளாஸ்டிக் குழாய் கூடாது. வெளிமூடி திறந்து மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். வாடகை வீட்டில் சுவரில் துளையிட வீட்டுக்காரர் இசையாததால் குழாயை அறைக்குள்ளேயே விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. அப்போது கருவி தான் வெளியேற்றிய ஈரத்தையே மீண்டும் உள்ளிழுக்கிறது. சுவரில் பூஞ்சை படர்கிறது. நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் வகைக்குப் பஞ்சு வடிகட்டியோடு குளிர்விப்பானையும் சில மாதங்களுக்கு ஒருமுறை கழுவ வேண்டும். நீர்த்தொட்டியை ஒவ்வொரு முறையும் காலி செய்ய வேண்டும். கருவியைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விட வேண்டும். படிக்கட்டுக்கு அடியிலுள்ள மூடிய அலமாரியில் அதை அடைத்துவைப்பது, நடுவெயிலில் கம்பளி போர்த்திக்கொள்வதற்கு ஒப்பு.

எல்லா வகைகளுக்கும் பொதுவானவை சில. வடிகட்டியை மாதம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி, முற்றிலும் காய்ந்த பின்னரே பொருத்த வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவங்கள் வலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கும். போர்வெல் நீரும் டேங்கர் நீரும் கடினமாக இருக்கும் பெங்களூரில் ஈர உணரியின் உலோகப் பட்டைகளில் உப்பும் சோப்பும் படியும். அப்படிப் படிந்தால் உணரி ஈரத்தைத் தவறாக அளக்கும். துணி காய்ந்த பின்னும் கருவி ஓடும், அல்லது காயும் முன்பே நிற்கும். வினிகர் தோய்த்த துணியால் அவ்வப்போது துடைத்தால் போதும். தடித்த துவாலையையும் மெல்லிய சட்டையையும் ஒன்றாக இடுவது, உருளையைத் திணித்து நிரப்புவது, இஸ்திரி போடவிருக்கும் துணியை மொரமொரப்பாகக் காயவைப்பது ஆகியவை தவிர்க்கத்தக்கவை.

துவைத்து உலர்த்தும் இருபயன் கருவி தனிக்கவனம் பெற வேண்டியது. எட்டுக் கிலோ துவைக்கும் என்று விற்கப்படும் கருவி ஒரே நேரத்தில் ஐந்து கிலோ அளவுக்கே உலர்த்தும். துவைத்த முழுச்சுமையையும் அப்படியே உலர்த்த விடுவோர் ஏராளம். இவ்வகையில் சில கருவிகள் நீராவியைக் குளிர்விக்கக் குழாய்நீரையே பயன்படுத்துகின்றன. ஒரு முறை உலர்த்துவதற்குள் பல பத்து லிட்டர் நன்னீர் சாக்கடைக்குப் போகும். 2024 மார்ச்சில் ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, குடிநீரில் வாகனம் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவிக்க நேர்ந்த நகரம் பெங்களூர். கார் கழுவும் நீர் தெருவில் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். துணி உலர்த்தும் நீர் குழாய்க்குள் ஓடுவதால் தெரிவதில்லை. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில் இது முதன்மையானது.

இனிப் பணக்கணக்கு. கர்நாடகத்தின் கிருஹ ஜோதித் திட்டம் 2023 ஜூலை மாத நுகர்விலிருந்து நடைமுறைக்கு வந்தது. மாதம் 200 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு, வாடகைக் குடும்பங்கள் உட்பட, 2022–23 நிதியாண்டின் மாதச் சராசரியும் அதற்கு மேல் 10 சதவீதமும் கட்டணமின்றி வழங்கப்படும் என்பது தொடக்கத்தில் வகுத்த விதி. அந்த அளவைத் தாண்டி 200க்குள் நின்றால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம். 200ஐத் தாண்டினால் முழு நுகர்வுக்கும் கட்டணம். ஆகவே 200 என்பது ஒரு விளிம்பு; அதைத் தாண்டும் ஒரு யூனிட் தன் விலையை மட்டும் கேட்பதில்லை, மற்ற இருநூறின் விலையையும் சேர்த்துக் கேட்கிறது.

இந்த விளிம்பில் உலர்த்தி எப்படி இயங்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. சராசரி 120 யூனிட் கொண்ட ஒரு குடும்பத்துக்கு இலவச அளவு 132. அக்குடும்பம் இப்போது 130 யூனிட் செலவழிக்கிறது, கட்டணம் இல்லை. வெப்பமூட்டி வகை உலர்த்தி ஒன்றை வாங்கி மாதம் 13 சுமை உலர்த்துகிறது. சுமைக்கு நான்கு யூனிட் என்றால் 52, மொத்தம் 182. கூடுதலான 50 யூனிட்டுக்குக் கட்டணம். வடிகட்டி அடைத்துச் சுமைக்கு ஒரு யூனிட் கூடினால் 65, மொத்தம் 195. மழை மிகுந்த மாதத்தில் இரண்டு சுமை கூடினால் 205. விளிம்பு தாண்டியாயிற்று. யூனிட்டுக்கு ஏறத்தாழ ஆறு ரூபாய் வீதம் 1,200 ரூபாய்க்கு மேல், நிலைக்கட்டணம் வேறு. அதே குடும்பம் துணியை நன்கு பிழிந்து, வடிகட்டியைத் தூய்மையாக வைத்துச் சுமைக்கு மூன்று யூனிட்டில் முடித்திருந்தால், 15 சுமைக்கும் சேர்த்து 175 யூனிட்டில் நின்றிருக்கும். வெயில் நாளில் கொடியிலும் மழை நாளில் மட்டும் உலர்த்தியிலும் என்று ஆறு சுமையோடு நிறுத்தியிருந்தால் 148. கருவி ஒன்றே, வீட்டு வருமானமும் ஒன்றே. இடைவெளியை உண்டாக்கியது பேணும் பழக்கம்.

அப்படியானால் பேணாமல் விடுவது ஏன்? சோம்பல் என்றோ அறியாமை என்றோ சொல்லி முடிப்பது எளிது. ஆனால் அடுகோடி போன்ற பகுதியின் வாழ்முறையைப் பார்த்தால், பொறுப்பு சிதறிக்கிடப்பது புலப்படும். பிஜி விடுதியில் ஒரு கருவியை முப்பது பேர் பயன்படுத்துகிறார்கள். வாடகையிலேயே மின்சாரமும் அடங்கிவிடும் விடுதிகளில் உலர்த்துபவருக்குக் கட்டணத்தின் சூடு தெரிவதில்லை. கட்டணம் செலுத்தும் உரிமையாளர் வடிகட்டியை எடுத்துப் பார்ப்பதில்லை. கருவியோடு வாடகைக்கு விடப்படும் வீட்டில், பழுதுக்கு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். பேணலுக்கு யார் பொறுப்பு என்று எழுதியிருக்காது. பதினொரு மாதத்தில் காலி செய்யப்போகும் குடித்தனக்காரர் குளிர்விப்பானைக் கழற்றிக் கழுவுவார் என எதிர்பார்ப்பதில் நியாயமும் குறைவு. ஆற்றல் பொருளியலில் இது நன்கறியப்பட்ட சிக்கல்: செலவைத் தாங்குபவர் ஒருவர், சேமிப்புக்கான செயலைச் செய்ய வேண்டியவர் வேறொருவர்.

குடும்பங்களுக்குள்ளும் இதே சிதறல் உண்டு. கருவியைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் ஆண், இயக்குபவர் பெண், பல அடுக்ககங்களில் வீட்டு வேலைக்கு வரும் பெண். ஆங்கிலத்தில் அச்சிட்ட கையேடு அவர் கைக்குப் போவதே இல்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று காட்டுவதோடு பயிற்சி முடிகிறது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற நூல், வீட்டுக் கருவிகள் பெண்களின் உழைப்பு நேரத்தை எதிர்பார்த்தபடி குறைக்கவில்லை என்பதை அமெரிக்க வரலாற்றின் வழியே விளக்கியது. எலிசபெத் ஷோவ் 2003இல் எழுதிய நூல், தூய்மை பற்றிய எதிர்பார்ப்புகள் உயர உயர நீரும் மின்சாரமும் எவ்வாறு கூடுதலாகச் செலவாகின்றன என்பதை ஆராய்ந்தது. உலர்த்தி வந்த வீட்டில் ஒருமுறை உடுத்திய துணியும் உடனே துவைக்கப்போகிறது என்றால், வடிகட்டியைத் தூய்மை செய்யும் வேலையும் அதே அளவில் பெருகுகிறது. அவ்வேலை யார் கணக்கிலும் வேலையாகப் பதிவாவதில்லை. ஆகவே 'பராமரியுங்கள்' என்ற அறிவுரை, நடைமுறையில், ஏற்கெனவே சுமை தாங்கும் ஒருவரின் தலையில் மேலும் ஒன்றை ஏற்றுவதாக முடியலாம். மின்சாரச் சேமிப்பை வலியுறுத்துவோர் இதை மறைக்காமல் பேச வேண்டும்.

இரண்டு மறுப்புகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். 'வெயிலும் காற்றும் இலவசமாக இருக்கும் நாட்டில் உலர்த்தியே வேண்டாமே' என்பது முதலாவது. கொள்கையளவில் இது சரி. பெங்களூரில் மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் பெய்வதால் காலை நேரத்தின் கொடி பல மாதங்கள் பயன்படும். மழைநாளில்கூட, சன்னலைத் திறந்துவைத்து 70 வாட் மின்விசிறியின் கீழ் எட்டு மணி நேரம் துணியை விரித்தால் செலவு 0.56 யூனிட், குறைமின் விசிறியானால் அதில் பாதி. சுமைக்கு மூன்று, நான்கு யூனிட்டோடு இதை ஒப்பிட்டால் வேறு வாதம் தேவையில்லை. ஆனால் கொடி கட்ட இடம் வேண்டும். மொட்டை மாடியைப் பூட்டிவைக்கும் வீட்டுக்காரர்கள், முகப்பழகு கெடும் என்று பால்கனியில் துணி காயப்போடத் தடை விதிக்கும் அடுக்ககச் சங்கங்கள், எதிர்ச்சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் சந்துகள் ஆகியவற்றுக்கு நடுவே வாழ்பவருக்கு வெயில் இலவசமாகக் கிடைப்பதில்லை. மூடிய அறைக்குள் துணி காயவைத்தால் ஈரமும் பூஞ்சையும் பெருகி மூச்சு நோயாளிகளுக்குத் தொல்லை தரும். அமெரிக்காவின் புளோரிடா, வெர்மான்ட், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் குடியிருப்புச் சங்கங்கள் துணிக்கொடியைத் தடை செய்வதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியுள்ளன. சிங்கப்பூரின் பொதுவீடமைப்புக் கட்டடங்கள் துணி உலர்த்தும் கழிகளுக்கென்றே பொருத்திகளோடு கட்டப்பட்டன. கொடி கட்டும் உரிமை அங்கெல்லாம் வீடமைப்பின் பகுதியாகக் கருதப்பட்டது. உலர்த்தியைக் குறை கூறுவோர் முதலில் கேட்க வேண்டியது அந்த உரிமையை.

இரண்டாவது மறுப்பு தொழில்நுட்பத்தின் மேல் நம்பிக்கை வைப்பது. வெப்ப ஏற்றி வகை உலர்த்தி, குளிர்பதனப் பெட்டியின் நுட்பத்தைக் கொண்டு வெப்பத்தை வீணாக்காமல் மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறது. வெப்பமூட்டி வகை எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியில் வேலையை முடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலை முதல் தன் சந்தையில் விற்பனைக்கு வரும் புதிய வீட்டு உலர்த்திகளுக்கு விதித்துள்ள அளவுகோலை இவ்வகையால் மட்டுமே எட்ட முடியும். இந்தியாவும் அத்திசையில் போக வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வகைக் கருவிதான் பேணலை அதிகம் கேட்கிறது. இதன் காற்று குறைந்த வெப்பநிலையில் சுழல்வதால் சிறு அடைப்பும் நேரத்தை நீட்டும். வெப்பப் பரிமாற்றியின் நுண்ணிய தகடுகளில் பஞ்சு படிந்தால் விலை கொடுத்து வாங்கிய சிக்கனம் மெல்ல மெல்லக் கரையும். விலை உயர்ந்த கருவியை வாங்கி வடிகட்டியை மறப்பவர், ஆய்வுக்கூடத்தில் அளந்த எண்ணை வாங்கினாரே தவிர அந்த மின்சாரச் சேமிப்பை வாங்கவில்லை.

இவற்றிலிருந்து சில பரிந்துரைகள் எழுகின்றன. முதலாவது, வாடகை ஒப்பந்தங்களிலும் பிஜி விடுதி விதிகளிலும் கருவியின் பேணல் பொறுப்பு தெளிவாக எழுதப்பட வேண்டும்: சுமைதோறும் வடிகட்டி பயன்படுத்துபவருடையது, பருவத்துக்கு ஒருமுறை குளிர்விப்பானும் குழாயும் உரிமையாளருடையது. இரண்டாவது, கருவியின் கதவிலேயே கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் படங்களோடு ஒரு பேணல் அட்டை ஒட்டப்பட வேண்டும். தொழிற்கூடத்தின் அட்டை வீட்டுக்குள் வர எந்தத் தடையும் இல்லை. மூன்றாவது, விற்பனைக்குப் பிந்தைய சேவை ஒப்பந்தங்களில் தூய்மைப்பணியும் இடம்பெற வேண்டும். உதிரிபாகம் மாற்றுவதற்கு மட்டுமே வருகை தரும் முறை மாற வேண்டும். நான்காவது, மின்சாரச் சேமிப்புப் பரப்புரையில் வாங்கும் அறிவுரைக்கு நிகராகப் பேணும் அறிவுரையும் இடம்பெற வேண்டும். மின்கட்டணச் சீட்டின் பின்பக்கம் அதற்குப் போதும். ஐந்தாவது, புதிய கட்டடங்களில் காற்றோட்டமுள்ள பொதுத் துணிக்கொடி இடம் கட்டாயமாக்கப்பட வேண்டும். இதுவே இந்தப் பட்டியலில் மிகக் குறைந்த மின்சாரத்தைக் கேட்பது.

ஆய்வு மாணவர்களுக்கு இங்கே செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு. அடுகோடியில் பத்து வீடுகளிலும் பத்து விடுதிகளிலும் சில நூறு ரூபாய் விலையுள்ள மின்அளவிகளைப் பொருத்தி, வடிகட்டியைத் தூய்மை செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரு பருவமழைக் காலம் அளந்தால், உள்ளூர் எண்கள் கிடைக்கும். அமெரிக்க, ஐரோப்பிய எண்களைக் கடன் வாங்க வேண்டிய நிலை குறையும். பருத்திச் சேலையும் வேட்டியும் லுங்கியும் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கின்றன, கடினநீர் ஈர உணரியை எவ்வளவு விரைவில் பாதிக்கிறது என்பவை பொறியியல் துறையின் கேள்விகள். அந்த வடிகட்டியை எந்தக் கை எடுக்கிறது, அந்தக் கைக்கு ஊதியம் உண்டா, 200 யூனிட் விளிம்பில் நிற்கும் குடும்பத்தில் மழைக்காலக் கட்டணத்தை யார் தம் செலவைக் குறைத்து ஈடுகட்டுகிறார் என்பவை சமூகவியலின் கேள்விகள். இரு துறையினரும் ஒரே வீட்டுக்குள் சேர்ந்து நுழைந்தால்தான் விடை முழுமையாகும்.

அதுவரை உலர்த்தி உள்ள வீடுகளில் இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. அடுத்த சுமையை இடும் முன் வடிகட்டியை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். வலை வழியே வெளிச்சம் வரவில்லை என்றால் அதைக் கழுவி, காயவைத்து, பொருத்திவிட்டு, அடுத்த முறை அதைச் செய்யப்போவது யார் என்று வீட்டிலுள்ள எல்லோரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.